சம்பந்திக்கு ஒரு சின்னக் கிடா

எங்க மாமியார் உல்ஜானுக்குக் கோபம் வந்தா பாத்திரம் உருளாது, கதவு அடிபடாது. சாய் ஊத்துறப்ப கோப்பையை ரொப்பிடுவாங்க, அவ்வளவுதான். எங்க ஊர்ப் பக்கம், வந்து உக்காந்திருக்கிறவங்களுக்கு அரைக் கோப்பைதான் ஊத்தணும். குடிச்சு முடிச்சு மறுபடி நீட்டணும், மறுபடி ஊத்தணும், பேச்சு வளரணும். ரொப்பி ஊத்தினா 'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தம். அந்த வருஷம் பனி உருக ஆரம்பிச்சதிலிருந்து என் ஓரகத்தி சைகலுக்குத் தினமும் ரொப்பின கோப்பைதான். அதுவும் அத்தை கையாலயே. இளைய மருமக இருக்கிற வீட்டுல சாய் கெண்டி அவ கையிலதான் இருக்கணும். அந்தக் கெண்டியையே பிடுங்கி வச்சுக்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

நான் ஸூரா, இந்த வீட்டு மூத்த மருமக. எனக்கு வாய் நீளம்னு நரின் ஊர் வரைக்கும் தெரியும். அதனால என்னை யாரும் கிளம்பச் சொல்ல மாட்டாங்க, சொன்னா திருப்பிச் சொல்லுவேன். சைகல் அப்படி இல்லை. அவ எதையும் மனசுக்குள்ளயே போட்டு வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பா.

எல்லாத்துக்கும் காரணம் ஆட்டு வாலு. எங்க செம்மறிக்குக் கொழுப்பு சேர்ற இடமே வாலுதான். எங்க மாமா ஏசென்குலோட மந்தைக்கு ஒரு காலத்துல அப்படி ஒரு பேரு. இலையுதிர் காலத் திருவிழாவுல கிடாக்களை வரிசையா நிறுத்தி வாலைத் தூக்கிப் பாப்பாங்க. எங்க கிடா வாலை ரெண்டு கையாலயும் ஏந்தணும், அவ்வளவு கொழுப்பு. பரிசுக் கம்பளம் வேற வீட்டுக்குப் போனதே கிடையாது. சைகல் கல்யாணமாகி வந்த வருஷம் முதல் தடவையா தோத்தோம். அப்புறம் தோக்கிறதே வழக்கமாப் போச்சு. போன திருவிழாவுல பக்கத்துப் பட்டிக்காரன் சாதிர் எங்க கிடாவோட வாலைத் தூக்கிப் பாத்துட்டு, ஊரே கேக்குற மாதிரி, "ஏசென்குல் அண்ணே, இது வாலா, இல்ல அண்ணி பிசைஞ்ச மாவுல ஒரு உருண்டை வந்து ஒட்டிக்கிச்சா?"ன்னு கேட்டான். சிரிச்சாங்க பாருங்க, குதிரையெல்லாம் மிரண்டுச்சு.

மாமா கிடாவை இழுத்துக்கிட்டு நடந்துட்டாரு. அத்தைதான் வீட்டுக்கு வந்து தலைத்துணியை உருவிப் போட்டுட்டு, "எல்லாம் இவ கால் வச்ச நேரம்"னாங்க.

அதுக்குத் தோதா இன்னொண்ணும் சேந்துக்கிச்சு. சைகல் வர்றப்ப அவ அப்பா துருஸ்பெக் ஒரு பெட்டை ஆடு கொடுத்து விட்டாரு. அதோட வம்சத்துக்கு ரெண்டு காதுலயும் கீறல் போட்டு எங்க மந்தையிலயே விட்டிருந்தோம். அந்த ஆடும் அதோட குட்டிகளும் மட்டும் வாட்ட சாட்டமா, வாலு தொங்கத் தொங்கத் திரியும். அத்தைக்கு இது கண்ணுல மிளகாய்த் தூள். "பாத்தியா? நம்ம மந்தையோட சீரையெல்லாம் உறிஞ்சித் தன் ஆட்டுக்கு ஊட்டுறா. கஞ்சன் மக, வேற எப்படி இருப்பா?"

கஞ்சன்னு சொன்னதுல மட்டும் தப்பில்லை. நிச்சயத்துக்குப் போனப்ப துருஸ்பெக் எங்களுக்கு வெட்டினது ஒரு நொண்டிக் கிழட்டு ஆடு. மென்னு மென்னு எனக்குத் தாடையே கழண்டுச்சு. எங்க மாமா நேர் எதிர். வாசல்ல நிழல் விழுந்தாப் போதும், மந்தையிலயே எது நல்ல கிடாவோ அதை இழுத்துட்டு வந்துடுவாரு. ஏசென்குல் வீட்டுக் கறின்னா மூணு பள்ளத்தாக்குக்கும் நாக்குல எச்சி ஊறும்.

வசந்தம் வந்ததும் அத்தை துருஸ்பெக்குக்குப் போன் போட்டாங்க. "மலைமேல மேய்ச்சலுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து உங்க மகளைக் கூப்பிட்டுப் போங்க. எங்களுக்கு ஒத்து வரலை." சைகலோட புருஷன் எர்மெக் மாஸ்கோவுல கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கும் போன் போச்சு. "அம்மா எது சொன்னாலும் சரிதான்"னு சொல்லி வச்சுட்டான், அம்மாப்பிள்ளை.

"குழந்தை?"ன்னு நான் கேட்டேன். அவங்களுக்கு மூணு வயசுல மீரிம்னு ஒரு பொண்ணு.

"குழந்தை நம்ம ரத்தம். நம்ம வீட்டுலதான் இருக்கும்"னாங்க அத்தை.

சைகல் அப்ப மாவு சலிச்சுக்கிட்டு இருந்தா. கை நிக்கலை. ஆனா அன்னிக்கு அவ ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போன இடத்துல அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஆட்டு வாலுக்காக ஒருத்தியைப் பெத்த பிள்ளைகிட்டருந்து பிரிப்பாங்களா? பிரிப்பாங்க. எங்க பக்கம் இதைவிடச் சின்ன விஷயத்துக்கும் பிரிச்சிருக்காங்க.

துருஸ்பெக் வர்றதுக்கு நாள் குறிச்சாச்சு. அதுவரைக்கும் வேலை நிக்குமா? பட்டியில புழுக்கை வெட்டுற காலம் அது. குளிர்காலம் பூரா ஆடுங்க பட்டிக்குள்ள நின்னு மிதிச்சு மிதிச்சு புழுக்கையும் வைக்கோலும் கல்லா இறுகிக் கிடக்கும். மண்வெட்டியால பாளம் பாளமா வெட்டிக் காய வச்சா அடுத்த குளிருக்கு எரிக்க ஆச்சு. வாசல் பக்கம் வருஷா வருஷம் வெட்டிடுவோம். பின்சுவரோரம் மட்டும் ஆடுங்க படுக்கக் கதகதப்பா இருக்கட்டும்னு மாமா ஆரம்பத்திலிருந்தே தொட விட்டதில்லை. அந்த வருஷம் குளிர் விடவே இல்லை, நிலக்கரியும் வரலை, அடுக்கி வச்ச பாளமெல்லாம் தீந்து போச்சு. அதனால பின்சுவரோரத்தையும் வெட்டச் சொல்லிட்டாரு. வெட்டுறது யாரு? நாங்க ரெண்டு மருமகளுங்கதான்.

அங்க இடுப்புக்கு மேல உயரம். வெட்டின முகத்தைப் பாத்தா அடுக்கு ரொட்டியைக் கத்தியால அறுத்த மாதிரி கோடு கோடா இருந்துச்சு. ஒரு குளிருக்கு ஒரு கறுப்புக் கோடு, நடுவுல வைக்கோல் மஞ்சள். நான் முதுகு வலிக்குதுன்னு புலம்பிக்கிட்டே வெட்டுறேன், சைகல் வெட்டுறதை நிறுத்திட்டு அந்தப் புழுக்கைச் சுவருக்கு முன்னாடி குத்தவச்சு உக்காந்துட்டா.

"ஏண்டி, உங்கப்பா வர்றதுக்குள்ள முடிக்கணும், நீ என்ன தவம் பண்றே?"

"அக்கா, இங்க பாருங்க. இது என்னன்னு தெரியுதா?"

ஒரு கோட்டுல பொடிப்பொடியா மினுங்கிச்சு. வெள்ளி, சிவப்பு, தங்கக் கலர்ல காகிதத் துணுக்கு. எனக்குச் சட்டுனு சிரிப்பு வந்துடுச்சு. இவங்க கல்யாணத்தன்னிக்கு எர்மெக்கோட கூட்டாளிப் பசங்க குழாயைத் திருகிப் படார் படார்னு வெடிச்ச மினுமினுப்பு அது. காத்து தூக்கிட்டுப் போய் ஊர் பூரா இறைச்சுச்சு. என் தலையிலிருந்தே வாரக் கணக்கா உதிந்துச்சு.

"உன் கல்யாண நாளு"ன்னேன்.

"ஆமா. இதுக்கு மேல இருக்கிறது நான் வந்தப்புறம். இதுக்குக் கீழ இருக்கிறது நான் வர்றதுக்கு முன்னாடி." அவ மடியை விரிச்சுக் காட்டினா. "இப்ப இதைப் பாருங்க."

மடி நிறைய ஆட்டோட கணுக்கால் எலும்பு. எங்க பசங்க கோலி மாதிரி உருட்டி அடிச்சுச் சூகோ விளையாடுற எலும்பு. ஆடு வெட்டினா காலைப் பட்டி மூலையில நாய்க்குப் போடுவோம், பசங்களும் அங்கதான் சூகோ உருட்டுவாங்க, பாதி எலும்பு புழுக்கைக்குள்ள போய்த் தொலையும். அப்படித் தொலைஞ்சதையெல்லாம் எந்தெந்தக் கோட்டுல கிடைச்சுச்சோ அந்தந்தக் கோட்டுப்படி தனித்தனியா எடுத்து வச்சிருந்தா. வரிசையா ஒரு பாளத்து மேல பரப்பினா. அடிக்கோட்டு எலும்பு கோழிமுட்டைக்குத் தம்பி மாதிரி இருந்துச்சு. மேல வர வர சிறுத்துக்கிட்டே வந்துச்சு. மினுமினுப்புக்குப் பக்கத்துல வர்றப்பவே பாதி சுருங்கின மாதிரி ஆயிருச்சு.

எனக்குச் சந்தேகம். "இதுல கிடாவும் இருக்கும், பெட்டையும் இருக்கும், வளராத குட்டியும் இருக்கும். எதையோ எடுத்துட்டு எதையோ சொல்லாதே."

"அதான் ஒண்ணை வச்சு நான் சொல்லலைக்கா. ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு கை எடுத்திருக்கேன். எல்லாக் கோட்டுலயும் பெருசும் இருக்கு, சின்னதும் இருக்கு. ஆனா மேல வர வர பெருசு கொறையுது, சின்னது கூடுது. திடீர்னு இல்லை, கொஞ்சம் கொஞ்சமா."

அடிக்கோட்டைக் கிளறினா சோவியத் காலத்துக் காசு ஒண்ணு களிம்பு ஏறிக் கிடந்துச்சு. கூட்டுப்பண்ணையைக் கலைச்சு ஆட்டையெல்லாம் பிரிச்சுக் கொடுத்தப்ப மாமா இந்தப் பட்டியைக் கட்டினாரு. அப்பத்திலிருந்து இந்த வீட்டு மந்தையோட கதை பூரா அந்தச் சுவருக்குள்ள இருந்துச்சு, நாங்க அது மேல ஆட்டைக் கட்டி வச்சிருந்தோம்.

"பள்ளிக்கூடத்துல பரிணாமம்னு ஒரு பாடம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா.

"குரங்குன்னு டீச்சர் சொன்னதும் பசங்க ஒருத்தனையொருத்தன் சொறிஞ்சது ஞாபகம் இருக்கு."

"பாறையிலயும் இப்படிக் கோடு கோடாத்தான் இருக்குமாம். அடியில இருக்கிறது பழசு, மேல இருக்கிறது புதுசு. அடியில ஒரு மாதிரி எலும்பு, மேல வர்றப்ப வேற மாதிரி. படத்துல பாத்தப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. இப்பத்தான் புரியுது."

மீரிம் தன் சூகோப் பையைத் தூக்கிட்டு வந்து இந்த வரிசைக்குப் பக்கத்துல அவளும் ஒரு வரிசை வச்சா. அந்தப் பையில எல்லாம் உண்டு. வெள்ளாட்டு எலும்பு, மலைமேல திரியுற காட்டு ஆட்டோட எலும்பு, மான் எலும்பு, மத்த எலும்பைக் குறி பாத்து அடிக்கிறதுக்குன்னு வச்சிருந்த பெரிய மாட்டு எலும்பு. சைகல் அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சா. அளவுதான் வேற, எல்லாத்துக்கும் அதே பள்ளம், அதே மேடு, அதே இடுப்பு. பொறந்ததிலிருந்து உருட்டுற எலும்பு, ஒரு நாளும் எனக்கு இது தோணினதில்லை.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கே"ன்னேன்.

"ஒரே வீடுதான். ரொம்ப ரொம்பப் பழைய வீடு. பிரிஞ்சு போய் அது அது இருக்கிற இடத்துக்குத் தக்கன மாறிடுச்சு."

"சரிடி, மான் கதை இருக்கட்டும். நம்ம ஆடு ஏன் சிறுத்துச்சு? புல்லா, தண்ணியா?"

"என் ஆடும் அதே புல்லைத்தானே தின்னுது? அதே தண்ணிதானே குடிக்குது?" மண்வெட்டியைச் சாச்சு வச்சா. "அக்கா, உங்க கல்யாணத்துக்கு எதை வெட்டினாங்க?"

"வெள்ளை நெத்திக் கிடா. அது மாதிரி கிடாவை அப்புறம் நான் பாத்ததே இல்லை."

"பெரிய மாமனாரோட நினைவு விருந்துக்கு?"

"மூணு நல்ல கிடா."

"என் கல்யாணத்துக்கு?"

"இருந்ததுலயே பெரிய கிடா"ன்னேன். எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. எங்க மாமா வெட்டுறது எப்பவுமே இளங்கிடா. பெட்டையோட சேர்றதுக்கு முன்னாடியே, எது பெருசோ, எது கொழுப்போ, அதைப் பொறுக்கி விருந்தாளி வாயில போட்டுடுவாரு. பட்டியில மிஞ்சுறது யாரும் ஏறெடுத்துப் பாக்காத ஏப்பை சாப்பை. அதுதான் பெட்டையோட சேரும். அடுத்த குட்டி அது சாடையிலதானே பொறக்கும்? வெளியிலிருந்து கிடா வாங்கவும் மாட்டாரு, கௌரவம்.

"மலைமேல காட்டு ஆட்டை ஓநாய் தின்னுதே, அது ஏன் சிறுக்கலை?"ன்னேன்.

"ஓநாய்கிட்ட மாட்டுறது நொண்டி, சீக்கு, ஓட முடியாதது. குளிருக்குச் சாகுறதும் அப்படித்தான். தப்பிக்கிறதுதான் குட்டி போடும். யாரும் உக்காந்து திட்டம் போடலைக்கா. மிஞ்சினது பெருகும், பெருகினது மாதிரி மந்தை ஆகும். அங்க ஓநாய் தளந்ததைத் தின்னுது. இங்க நாம நல்லதைத் தின்னுறோம்."

"அப்ப மாமாவைவிட ஓநாய்க்கு நல்லா மந்தை வளக்கத் தெரியுதுங்கிறே."

சைகல் சிரிச்சா. அந்த வருஷத்துல அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் முதல் தடவை. உடனே முகம் மாறிடுச்சு. "இதை யாரு அக்கா மாமாகிட்டச் சொல்றது?"

நல்ல கேள்விதான். எங்க வீட்டுல இளைய மருமக மாமனார் முகத்தைப் பாத்துப் பேசக்கூடாது. நரின்ல இருக்கிற பொண்ணுங்க இப்ப மாமனாரோட சேந்து டிவி பாத்துச் சண்டை போடுறாளுங்க, எங்க மாமா வீட்டுல அது நடக்காது. ஆக மதியம் சாய்க்கு எல்லாரும் உக்காந்தப்ப நடந்தது இதுதான்: சைகல் எலும்பையும் மினுமினுப்புப் பாளத்தையும் என் முன்னாடி வச்சுட்டு என்கிட்டப் பேசினா, நான் அதையே உரக்க மாமாகிட்டச் சொன்னேன். மாமா கையெட்டுற தூரத்துலதான் உக்காந்திருந்தாரு. அவ சொல்றதும் காதுல விழுது, நான் சொல்றதும் விழுது. ஒவ்வொரு பேச்சையும் ரெண்டு ரெண்டு தடவை வாங்கிக்கிட்டாரு, பாவம்.

முதல்ல அத்தைதான் பாஞ்சாங்க. "எலும்பைப் பொறுக்கி வந்து வசியம் பண்றாளா?"

"அத்தை, மினுமினுப்புக்குக் கீழ பாருங்க. அவ கால் வைக்கிறதுக்கு முன்னாடியே சிறுத்தாச்சு. அப்ப அவ எங்கயோ பள்ளிக்கூடத்துல மூக்கு ஒழுகிட்டு இருந்தா"ன்னேன். இது சைகல் சொன்னதில்லை, என் கைச்சரக்கு.

நல்ல கிடாவை வெட்டுற விஷயத்துக்கு வந்ததும் மாமா முகம் சிவந்துடுச்சு. "விருந்தாளிக்கு நல்லதை வெட்டுறது குத்தமா? எங்க அப்பன் அப்படித்தான் வெட்டினாரு, அவங்க அப்பன் அப்படித்தான் வெட்டினாரு. நான் நொண்டி ஆட்டை வெட்டிப் போட்டுட்டு ஊர்ல நடமாடணுமா?"

சைகல் தலையைக் குனிஞ்சுக்கிட்டே என்கிட்டச் சொன்னா. நான் சொன்னேன்: "குத்தமில்லையாம். நல்லதுல ஒண்ணு ரெண்டையாவது விட்டு வச்சிருக்கணுமாம்."

மாமா அடிக்கோட்டு எலும்பைக் கையில எடுத்தாரு. சின்ன வயசுல சூகோ விளையாட்டுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. உள்ளங்கையில வச்சு உருட்டிப் பாத்தாரு, அப்புறம் மேல்கோட்டு எலும்பை எடுத்து உருட்டிப் பாத்தாரு. எந்திருச்சு மந்தைப் பக்கம் போயிட்டாரு. அத்தை சைகல் கோப்பையை விளிம்பு வரைக்கும் ரொப்பினாங்க. கதவோரம் அவ துணிமூட்டை ஏற்கனவே கட்டிக் கிடந்துச்சு.

மறுநாள் துருஸ்பெக் தன் ஓட்டைக் காருல வந்து இறங்கினாரு. ஒல்லியான மனுஷன், எல்லாத்தையும் விலை கேக்குற மாதிரி பாக்கிற கண்ணு. மகளைப் பாத்தாரு, மூட்டையைப் பாத்தாரு, கம்பளத்துல உக்காந்தாரு. பேத்தி மடியில ஏறினா. அத்தை முகத்துல ஈயாடலை.

எங்க முறைப்படி விருந்தாளிக்கு வெட்டப் போற ஆட்டை முதல்ல வாசல்ல கொண்டு வந்து நிறுத்தணும். விருந்தாளி கை ஏந்தி ஆசி சொன்ன பிறகுதான் கத்தி. அதுவும் சம்பந்தின்னா மந்தையிலயே நல்லதுதான் வரணும். எங்க மந்தையில மிச்சமிருந்த நல்ல கிடா ஒண்ணே ஒண்ணு, கருந்தலை. இன்னும் பெட்டையோட சேரலை.

அடுப்படியில சைகல் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கருந்தலை வந்துச்சுன்னா, மாமா அவ சொன்னதைக் குப்பையில போட்டாருன்னு அர்த்தம், மூட்டையைத் தூக்க வேண்டியதுதான். சின்னது வந்துச்சுன்னா சம்பந்திக்கு அவமானம். எந்தத் தகப்பன் அதுக்கப்புறம் மகளை அந்த வீட்டுல விட்டுட்டுப் போவான்? ரெண்டு பக்கமும் இடி. அவ சொன்னது நிஜம்னு நிரூபிச்சதுதான் மிச்சம், அதுவே அவ குழந்தையைப் பறிக்கப் பாக்குதேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

மாமா வாசலுக்கு வந்தாரு. அவர் கயித்துல இருந்தது ஒரு சோப்ளாங்கி. முதுகெலும்பு தெரியுது, வாலு இருக்கான்னு தேடணும்.

அத்தை "ஐயோ"ன்னு வாயைப் பொத்திக்கிட்டாங்க. துருஸ்பெக் ஏந்தப் போன கையை இறக்கினாரு. பேத்தியை மடியிலிருந்து இறக்கி விட்டுட்டு எந்திருச்சாரு.

"ஏசென்குல், மகளைத் திருப்பி அனுப்புறீங்க, சரி. போற வழியில என் மூஞ்சியில துப்பியும் அனுப்பணுமா? சைகல், மூட்டையை எடும்மா."

"சம்பந்தி, நில்லுங்க." மாமா கயித்தை விடலை. அவர் குரல் அப்படித் தடுமாறி நான் கேட்டதே இல்லை. "இது என் மந்தையிலயே சின்னக் கிடா. வேணும்னேதான் கொண்டு வந்தேன். நல்லது ஒண்ணு பின்னாடி கட்டிக் கிடக்கு. அதை வெட்ட மாட்டேன். வாழ்நாள் பூரா நல்லதையெல்லாம் வெட்டிட்டேன். என் மந்தையைத் தின்னது உங்க மக காலு இல்லை, என் கத்தி. அதை அவதான் எலும்பை வச்சுக் காட்டினா. நேத்துச் சாயங்காலம் பூரா மந்தைக்குள்ள நின்னு ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாத்தேன். அவ சொன்னது நிஜம். இப்ப நீங்க கோவிச்சுக்கணும்னா கோவிச்சுக்கோங்க."

துருஸ்பெக் அந்தச் சோப்ளாங்கிகிட்டப் போனாரு. வாலைத் தூக்கிப் பாத்தாரு. பல்லைப் பாத்தாரு. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்துச்சு அந்த மனுஷனுக்கு, தோளெல்லாம் குலுங்குது.

"அப்ப என் மந்தை பெருத்ததுக்கு இதுதான் காரணமா! நான் எங்க ஆடு நக்குற உப்புப் பாறைதான் நல்ல பாறைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். யோவ் சம்பந்தி, எங்க ஊர்ல என்னைக் கஞ்சன்னு சொல்லாத வாய் கிடையாது. நல்ல ஆட்டை அடுத்தவன் வாயில போட எனக்கு மனசே வராது. எது உதவாதோ அதைத்தான் வெட்டுவேன். உங்களுக்கு நிச்சயத்தன்னிக்கு வெட்டினது இருக்கே, என் பட்டியிலயே அதைவிட மோசமா ஒண்ணு இல்லை. என் பொண்டாட்டி ஒரு வாரம் என்னோட பேசலை."

"தெரியும்"னாங்க அத்தை. "பல்லு இன்னும் ஆடுது."

நான்தான் முதல்ல சிரிச்சேன், அடக்க முடியலை. மாமாவும் மீசைக்குள்ள சிரிச்சாரு. துருஸ்பெக் சிரிப்பை நிறுத்திட்டு நேரா அத்தையைப் பாத்தாரு. "அப்ப என் மகளை நான் எதுக்குக் கூப்பிட்டுப் போகணும், சம்பந்தியம்மா?"

அத்தை, குடல் அலசத் தொட்டி எடுத்துட்டு வர்றேன்னு உள்ள போயிட்டாங்க. துருஸ்பெக் கை ஏந்தி ஆசி சொன்னாரு, மாமா சோப்ளாங்கியை வெட்டினாரு. கருந்தலை பட்டிக்குப் பின்னால நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு.

கறி வெந்து, எல்லாரும் தின்னு முடிக்கிற வரைக்கும் மூட்டை கதவோரமேதான் கிடந்துச்சு. யாரும் அதைத் தொடலை, யாரும் அதைப் பாக்கவும் இல்லை. சைகலுக்கு ஒரு வாய்கூட இறங்கலை. மீரிம் மட்டும் அந்தச் சோப்ளாங்கியோட கணுக்கால் எலும்பை நக்கித் துடைச்சுத் தன் வரிசையில கடைசியா வச்சா. அதைவிடச் சின்னது அந்த வரிசையில வேற இல்லை.

"அதுக்கப்புறம் எதையும் வைக்காதே கண்ணு"ன்னாரு மாமா. "இனிமே வர்றது இதைவிடப் பெருசா இருக்கணும்."

அப்புறம் அத்தை சாய் ஊத்த ஆரம்பிச்சாங்க. முதல்ல சம்பந்திக்கு, அப்புறம் மாமாவுக்கு, எனக்கு. கடைசியா சைகல் கோப்பையை எடுத்தாங்க. நான் கெண்டி மூக்கையே பாத்துக்கிட்டு இருந்தேன், துருஸ்பெக்கும் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாதி வந்ததும் அத்தை கெண்டியை நிமித்திட்டாங்க.

"புழுக்கை இன்னும் பாதி வெட்டாமக் கிடக்கு"ன்னாங்க, யாரையும் பாக்காம.

சைகல் அந்த அரைக் கோப்பையை ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிச்சா. குடிச்சு முடிச்சிட்டு, கையை நீட்டிக் கெண்டியைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டா. அத்தை தன் கோப்பையை அவகிட்ட நீட்டினாங்க.